மருந்து இல்லன்னு சொல்லுங்க

இல்ல டாக்டரம்மா, மொசலு கடிக்காது. கடிக்கத் தெம்பு ஏது அதுக்கு. நான் பிடிச்சுக்கிறேன், நீங்க பாருங்க. தாடைக்குக் கீள தொட்டுப் பாருங்க, எப்பவும் சொதசொதன்னு ஈரம். எச்சி ஒளுகி ஒளுகி முடியெல்லாம் ஒட்டிப் போச்சு. எம் பொண்டாட்டி மருந்து, மருந்துன்னு பொலம்பிக்கிட்டு கெடக்கா. ஆமா, பட்டாசு மருந்துதான். நாரணாபுரத்துல ஒரு கம்பெனியில வெடிக்கு மருந்து செலுத்துற வேலை அவளுக்கு. நகக்கண்ணுல எல்லாம் வெள்ளி கணக்கா பவுடர் ஏறியிருக்கும், எம்புட்டு சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கைய நக்கித்தான் மொசலுக்கு இப்படி ஆயிருச்சுங்குறா. அது நெசமா இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். வைத்தியம் அப்புறம்.

அவளா? வெளிய வேப்பமரத்தடியில உக்காந்திருக்கா. உள்ள வர மாட்டேன்னுட்டா.

எப்ப இருந்துன்னு எப்படிச் சொல்ல. கேரட்டப் பாத்தா ஆசையா ஓடி வரும். மோந்து பாக்கும், வாயில கவ்வும், பெறகு கீள போட்டுட்டுப் போயிரும். புளுக்கையும் மிளகு சைசுக்குச் சிறுத்துப் போச்சு. ஒரு கண்ணுல தண்ணி வேற வடியுது. மூலையில போயி ஒடுங்கிக்கிட்டு பல்ல நறநறன்னு கடிக்கும். என்னமோ கோவத்துல இருக்குன்னு நெனச்சேன். வலியா? வலியிலயா அப்படிக் கடிக்குது? அட பாவமே. நான் பாட்டுக்கு அதட்டுனேனே.

என்னது, பல்லா? எங்க, இங்கன திருப்புங்க. ஏயப்பா! கொக்கி மாதிரில்ல உள்ள வளஞ்சு கெடக்கு. கடவாப்பல்லும் வளந்து நாக்கக் கிளிச்சிருக்கா? மொசலுக்கு சாகுற மட்டும் பல்லு வளருமா? நான் திருத்தங்கல்ல பிரஸ்ல பேப்பர் வெட்டுறவன், இதெல்லாம் எனக்கு எங்கம்மா தெரியும்.

அப்ப மருந்தால இல்ல. உறுதியாத்தான சொல்றீக? கோவிச்சுக்காதீக, இன்னொருக்க சொல்லுங்க.

தீனியா... பன்னுதான். பாக்கெட் பன்னு. முன்னெல்லாம் கம்பெனி வண்டியில வந்து எறங்குனதும் ஓடையோரமா அருகம்புல்லு பறிச்சுக்கிட்டு வருவா. ஆடிக்குப் பெறகு விட்டுட்டா. தன் கை பட்டா புல்லுலயும் மருந்து ஏறிருமாம். பன்னு பாக்கெட்ட கத்திரியால வெட்டி அப்படியே தட்டுல கவுத்துவா. விரலு படாது. அம்புட்டு பயம் அவளுக்கு.

என்ன சொல்றீக? புல்லு மெல்லாததாலதான் பல்லு தேயாமப் போச்சா? பன்னக் குடுத்ததாலயா?

அம்மா, அத மட்டும் அவகிட்ட சொல்லிராதீக. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன். பொறக்கையிலயே பல்லு கோணலு, யாரு வளத்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும்னு சொல்லுங்க. பொய்யின்னு தெரியுதும்மா. படிச்சவக நீங்க சொன்னா கேப்பா. நான் சொல்லிச் சொல்லி வாயி வலிச்சுப் போச்சு.

பொளைக்கிறது கஷ்டமா? எலும்பா இருக்கு, எனக்கே தெரியுது. பல்ல வெட்டிப் பாருங்க. போச்சுன்னா போகட்டும். மருந்தால போகலன்னு அவ காதுல விளணும், அது போதும் எனக்கு.

யாரு வளத்ததா? எம் மக பிரீத்திகாவோடதும்மா இது. போன வருசம் இருக்கன்குடி கோயிலுக்குப் போயிட்டு வர்ற வளியில அடம்பிடிச்சு வாங்குனா. இல்ல, கூட வரல. ஆடியில தவறிட்டா. மூணு வயசு. மூளைக் காச்சல்னு மதுரை ஆஸ்பத்திரியில தெளிவாத்தான் சொன்னாக. இவ நம்புனாத்தான? எங் கையாலதான சோறு ஊட்டுனேன், எங் கையாலதான் பிள்ள போயிட்டான்னு ஒரே பேச்சு. நானும் ஆத்தி ஆத்தி ஒரு வளிக்குக் கொண்டாந்தேன். அப்பப் பாத்து இந்தச் சனியன் வாயில ஒளுக ஆரம்பிச்சிருச்சு. பிள்ளைக்கும் கடைசியில அப்படித்தான் ஒளுகுச்சு.

அவள உள்ள வரச் சொல்லவாம்மா?