ஜீப்புக்கு ஒம்போதாயிரம்

ஒம்போதாயிரம்தான் சார். பத்து பைசா கொறையாது. குரோம்பேட்டைல ரெண்டாயிரத்து ஐநூறுக்கு அடிச்சித் தரேன்றானா? தருவான், ஏன் தரமாட்டான். மேல கீற அழுக்கைத் துணியால ஒரு இழுப்பு இழுப்பான், அதுமேலயே சர்ர்ருனு அடிப்பான், சாயந்தரம் சாவிய குடுத்துடுவான். பாக்கசொல்ல பளபளான்னு இருக்கும். ஒரு மழ, ஒரு வெயிலு, அவ்ளோதான். அப்பளம் கணக்கா எழும்பி நிக்கும். தூ. அது பெயின்டிங்கா சார்? பொணத்துக்குப் பவுடர் போடற வேல.

கோச்சிக்காதீங்க சார், உக்காருங்க. நேத்து உங்க டிரைவர் வண்டிய வுட்டுட்டுப் போகசொல்லவே சொன்னாரு, பட்டாபிராமன் சார் காலைல வந்து ரேட்டு பேசுவாரு, கொஞ்சம் கறாரான ஆளுன்னு. இருங்க, தப்பில்ல. நானும் அரிகிருஷ்ணன்னா இந்த இரும்புலியூர்ல எல்லாருக்கும் தெரியும், பதினெட்டு வருசமா இதே ஷெட்டுதான். எவனும் வந்து, டேய் உன் பெயின்ட்டு உரிஞ்சிபோச்சுன்னு சொன்னதில்ல.

இன்னா? தோப்புக்குப் போறதுக்குதானே, இதுக்கு இன்னாத்துக்கு ஒம்போதாயிரமா? குன்றத்தூர் தாண்டி சேத்துல போற வண்டிக்குத்தான் சார் பெயின்ட்டு முக்கியம். காருன்னா தார் ரோட்டுல ஓடும், வூட்டாண்ட நிக்கும். இது வயல்ல எறங்கும், முள்ளு கீறும், அடில சேறு அப்பிக்கும். அடித்தகரம் சுத்தமா இல்லேன்னா உள்ளயே துரு தின்னுகினு போவும், வெளிய தெரியாது. ஒருநாள் கால வெச்சா கால் கீழ போயிடும். அதனால பழசு எல்லாத்தையும் தகரம் தெரியற வரைக்கும் சொரண்டணும். அப்பால ரெட் ஆக்சைடு, அப்பால பட்டி, தேய்ப்பு, ப்ரைமர், மறுபடி தேய்ப்பு. அதுக்கு மேலதான் கலரு. சொரண்டற கூலிதான் சார் பெருசு. அதுவும் உங்க வண்டில சொரண்ட வேண்டியது ஒண்ணு ரெண்டு இல்ல.

இப்படி வாங்க. இடது பக்கக் கதவு. கீலாண்ட ஒரு ரூபா காசு அகலத்துக்கு வாட்டர் பேப்பர் வெச்சி தேச்சிருக்கேன், பாருங்க. மேல கீறது மெரூன், அது உங்களுக்குத் தெரியும். அதுக்குக் கீழ ஒரு வளையம் மாதிரி தெரியுதே, கிரீமு. அதுக்குக் கீழ வெள்ள. ஒண்ணு மேல ஒண்ணு, எதையும் சொரண்டாம அப்படியே அப்பியிருக்கு. கலீஜ் வேல. எவன்டா இப்படி அடிச்சதுன்னு கேப்பீங்க.

நான்தான் சார்.

மூணும் நான் அடிச்சதுதான். வேணாம் அண்ணே, ஒருவாட்டி சொரண்டிடலாம்னு சொன்னேன். அப்ப இருந்த ஓனர் கேக்கல. நாளைக்குக் காலைல வண்டி வோணும், மேலயே அடின்னான். இந்த வண்டி இஞ்சினு நல்ல இஞ்சினுன்னு உங்களுக்கு எவன் சொன்னானோ, அது வாஸ்தவம். ஏரி சேத்துல நாலு சக்கரமும் போட்டு ஏறி வந்ததை நானே பாத்துகீறேன்.

ராஜகோபால்னு பேரு. உங்க ஆர்.சி. புக்குல பழைய ஓனர் பேரு பாருங்க, அவன்தான். நெலம் நீச்சு உள்ள பழைய குடும்பம். சொந்த நெலத்தை மனை போட்டு வித்தான், அதுல ருசி கண்டுட்டான். எம்பத்தொம்போதுல மிலிட்டரி ஏலத்துல இந்த ஜீப்பை எடுத்தான். கதவே கெடையாது சார் இதுக்கு, கித்தான்தான் தொங்கிகினு இருந்திச்சி. கித்தான்ல பேரு எழுதினா நிக்காதுன்னுட்டு தகரத்துல கதவு செஞ்சி மாட்டினான். பேரு எழுதறதுக்குன்னே கதவு! வெள்ள அடிச்சி, அதுல செவப்புல தனக்கோடி நகர்னு எழுதினேன். தனக்கோடி அவங்க அம்மா பேரு. பெத்தவ பேரை இந்த வேலைக்கு வெச்சான் பாருங்க, அவனை இன்னா சொல்றது.

ஞாயித்துக்கெழமை ஆச்சின்னா ஜீப்பு தாம்பரம் ஸ்டேஷனாண்ட நிக்கும். லோக்கல்ல வந்து எறங்கற ஜனத்தை ஏத்திகினு கோவிலம்பாக்கம் பக்கம் போவான். வாத்தியாரு, க்ளார்க்கு, பென்ஷன் வாங்கினவங்க. ரோடு கெடையாது, ஜீப்பு மட்டும்தான் போவும். அதுவே ஜனத்துக்கு ஒரு மஜா. சித்திரை மாசத்துலதான் காட்டுவான். வெடிச்ச தரை, வரிசையா கல்லு நட்டு, மேல சுண்ணாம்பு. ஐப்பசில கூட்டிகினு போய்க் காட்டினாத்தானே தெரியும், அது ஏரின்னு.

ஒரு நோட்டீஸ் அடிக்க மாட்டான் சார். எதையும் காயிதத்துல வெக்க மாட்டான். பத்தரத்துல புஞ்சை நெலம்னுதான் இருக்கும். கவர்மெண்ட் அப்ரூவ்டுன்னு எழுதியிருந்த ஒரே எடம் இந்தக் கதவுதான். அதுக்குக் கீழ ஒரு நம்பரு. ஜனம் கதவைப் பாக்கும், நம்பரைப் பாக்கும், சரிதான்னு அட்வான்ஸை நீட்டும்.

மழ வந்து தண்ணி ஏறினப்போ வாங்கினவங்க வெள்ள ஜீப்பைத் தேடிகினு ஸ்டேஷனுக்கு வந்தாங்க. இவன் ராவோட ராவா கிரீம் அடிக்கச் சொன்னான். அடுத்த வாரம் அவங்க மூஞ்சிக்கு முன்னாலயே கிரீம் ஜீப்புல போனான். கதவுல வேற நகரு, வேற பேரு. அப்பால மெரூனு. நானும் துட்டை எண்ணி வாங்கி சொக்காப் பைல போட்டுகினு, இன்னா ஏதுன்னு கேக்கலியே.

அட, நீங்க எழுந்துக்காதீங்க. ரேட்டு பேசலாம். ஒம்போதாயிரத்தைப் பத்தி இப்ப உண்மைய சொல்லிடறேன். மூவாயிரத்துக்கு மேல ஆவாது இந்த வண்டிக்கு. மூவாயிரம்னு சொல்லியிருந்தா, யோசிச்சி சொல்றேம்பான்னுட்டு வண்டிய எடுத்துகினு போயிருப்பீங்க. ஒம்போதாயிரம்னு சொன்னாதான் நின்னு சண்ட போடுவீங்க. உங்கள நிக்க வெக்கறதுக்குச் சொன்னேன். மன்னிச்சிக்கோங்க.

எங்க அக்கா சார். பச்சையம்மா. அவளும் ஒரு மனை வாங்கினா, அந்த ஏரிக்குள்ள. மாமா பொன்னுசாமி நாகல்கேணில தோல் ஷெட்டுல இருவத்திரெண்டு வருசம், சுண்ணாம்புத் தண்ணில கால் வெந்து போன மனுசன். கணக்கு முடிச்சிக் குடுத்த துட்டு அம்புட்டும் அதுல போட்டாங்க. எங்கிட்ட கேட்டுகினுதான் போட்டாங்க. தம்பி, நீதானே அந்த ஜீப்புல எழுதின, நம்பி வாங்கலாமான்னு கேட்டா. வாங்கு அக்கான்னேன். எனக்கு ஆளுக்கு நூறு ரூவா கமிஷன் தரேன்னிருந்தான். சொந்த அக்காவுக்கும் அந்த நூறை வாங்கினேன் சார். வாயைத் தொறந்து சொல்லியே தீரணும், வாங்கினேன்.

வூடு கட்டினாங்க. ரெண்டு ரூமு, ஓடு போட்டு. ரெண்டு மழைக்கு இடுப்பளவு தண்ணில குந்திகினு இருந்தாங்க. அப்பால ஏரி பொறம்போக்குன்னு ஆபீஸருங்க வந்து இடிச்சிட்டாங்க. மாமா அதுக்கு அடுத்த மாசமே போயிட்டாரு. இன்னா நோவுன்னு ஆஸ்பத்திரில ஏதோ எழுதினாங்க. இடிக்கசொல்ல அவரு மூஞ்சியைப் பாத்த எனக்குத் தெரியும், இன்னா நோவுன்னு.

அக்கா என் வூட்லதான் கீறா. எனக்குச் சோறு போடசொல்ல, பாவம் தம்பி, உன்னையும் சேத்து ஏமாத்திட்டான் பாருன்னுவா. எறங்குமா சார் அந்தச் சோறு?

பதினோரு குடும்பம் சேந்து செங்கல்பட்டுல கேஸு போட்டுகீறோம். ராஜகோபால் கூண்டுல நின்னு, நான் புஞ்சை நெலம்தான் வித்தேன், அப்ரூவல்னு எங்கயும் சொல்லல, எழுதல, இருந்தா காட்டுங்கன்றான். ஜட்ஜும் எங்கள கேக்கறாரு, இருந்தா காட்டுங்க. வக்கீலு கைய விரிச்சிட்டாரு. ஜீப்பை எப்பவோ வித்துட்டான். ஒண்ற வருசமா தேடறேன் சார். பல்லாவரம் சந்தை, மெக்கானிக் ஷெட்டு, புரோக்கருங்க, எங்கயும் இல்ல. நேத்து சாயந்தரம் உங்க டிரைவர் நேரா என் ஷெட்டுக்கே ஓட்டிகினு வராரு.

ராத்திரியே கழட்டி எடுத்திருப்பேன். திருட்டுக் கதவைக் கோர்ட்டுல வெக்க முடியாதாமே. அதனால கேக்கறேன். இந்தக் கதவை எனக்குக் குடுத்துடுங்க. வாங்கின வண்டில இருந்த கதவுதான்னு ஒரு லெட்டர் எழுதி கையெழுத்துப் போடுங்க, ஆர்.சி. புக்கு ஜெராக்ஸ் ஒண்ணு குடுங்க. புதுசா ரெண்டு கதவு செஞ்சி மாட்டறேன், வண்டி பூராவும் தகரம் வரைக்கும் சொரண்டி நீங்க கேக்கற கலரு அடிச்சித் தரேன். ஒத்த ரூவா வேணாம். புதங்கெழமை கேஸு வருது, ஜட்ஜு கண்ணு முன்னால மெரூனைத் தேச்சி, கிரீமைத் தேச்சி, அந்த வெள்ளைல கீற செவப்பு எழுத்தைக் காட்டிடுவேன். என் எழுத்துதான்னும் சொல்லுவேன். உள்ள போடுவாங்களா? போடட்டும்.

குடுத்துடறேன்றீங்களா? நல்லா இருக்கணும் சார் நீங்க. அந்த நோட்டுலயே எழுதுங்க, பேனா இந்தாங்க.

நம்பரா? அதையும் லெட்டர்ல எழுதணும்ன்றீங்களா? எழுதுங்க. தேச்சித்தான் தெரியணும்னு இல்ல, எனக்கு மனப்பாடம். ராஜகோபால் குடுத்தது இல்ல சார் அது. அப்ரூவ்டுன்னு போட்டு கீழ ஏதானா ஒரு நம்பர் போடுடான்னுட்டு டீ குடிக்கப் போயிட்டான். எனக்கு அந்த எடத்துக்கு ஆறு எழுத்து வந்தாதான் கதவு நெறவா இருக்கும்னு தோணிச்சி. அக்காவுக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போவணும்னு அவ ரேஷன் கார்டை சொக்காப் பைல வெச்சிகினு இருந்தேன். எடுத்து, பாத்து, எழுதிட்டேன். அவ படிக்காதவ. அந்தக் கதவைப் புடிச்சித்தான் ஜீப்புல ஏறினா, மனை பாக்க.

டூப்பு நம்பர்னு நிரூபிக்க கார்டையும் கோர்ட்டுல வெக்கணும். அவளும் அங்கதான் குந்திகினு இருப்பா. காலைல கார்டு இன்னாத்துக்குடான்னு கேட்டா. மண்ணெண்ணெய்க்குன்னு சொல்லி வாங்கி வெச்சிகினேன்.