மணிக்கட்டுக் கயிறு

பேனாவக் கொஞ்சம் கீழ வைங்கம்மா. ஒரு குட்டிக் கதை சொல்லப் போறேன்... இதுக்குக் குறிப்பு வேணாம், கேட்டா மறக்க மாட்டீங்க.

நான் பச்சைக் குழந்தை வார்டுல சிஸ்டரா இருந்தப்போ, பேச்சித்தாய்னு ஒரு உதவியாளர், உங்கள மாதிரிப் புதுசா வந்தவ. ஆறு மாசக் கர்ப்பம். ரெண்டு தடவ கலைஞ்சு, மூணாவதாத் தங்கினது. அதுக்காகக் கோயில்ல மந்திரிச்சுக் கட்டின கறுப்புக் கயிறு, வலது மணிக்கட்டுல.

கை கழுவுறதுல அவள அடிச்சுக்க ஆளில்ல. விரலிடுக்கு, நகம், கட்டைவிரல்... எல்லாம் தேய்ப்பா. கயிறு வந்தா மட்டும்? சாமி கயிறாச்சே, அலுங்காம சுத்திப் போயிடுவா.

கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு கிலோகூட இல்லாத பொம்பளப் புள்ள. அதுக்குத் துணி மாத்துறது இவதான். ஒரு கிருமி உள்ள போனா அது தாங்குமா? கயித்தக் கழட்டுன்னேன். அவ சண்டை போடல.

"வேலைய வேணா விட்டுடறேன் சிஸ்டர். இதக் கழட்டினா எம் புள்ள தங்காது."

எனக்குக் கோவம். அன்னைக்கு அவள வார்டு பக்கமே விடல. லேப்ல இருந்த இசக்கியப்பன் அண்ணன்தான் குறுக்க வந்தாரு. கழட்ட வேணாம்மா, எப்பவும் போலக் கழுவிட்டு இதுல மணிக்கட்டோட கைய அமுக்குன்னாரு. கிருமி வளரட்டும்னே தீனி ஊத்தி வெச்ச பெரிய தட்டு அது.

மறுநாள் பாத்தா... விரல் பட்ட இடத்துல அங்கொண்ணும் இங்கொண்ணுமா புள்ளி. மணிக்கட்டுல? வெள்ளையா, மஞ்சளா... ஒரு கயிறு. முறுக்கு தெரியுது. முடிச்சு தெரியுது. கண்ணுக்கே தெரியாததுங்க ஒண்ணுகூடி, ஒரே நாள்ல அந்தக் கயித்த வரைஞ்சு வெச்சிருக்கு! இருபது வருஷம் வேலை பாத்த எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சு.

பேச்சித்தாய் மெதுவாக் கேட்டா. "அண்ணே... இவ்வளவும் உசுரா?"

"ஒரு புள்ளியிலயே லட்சக்கணக்குல உசுரு, தாயி."

அப்புறம் அவளே கயித்த அவுத்தா. தண்ணியில கொதிக்க வெச்சு, காய வெச்சு, இடுப்புல கட்டிக்கிட்டா.

"எம் புள்ள இங்கதான இருக்கு சிஸ்டர். சாமி இங்கயே காவல் இருக்கட்டும். கை... பெட்டிக்குள்ள இருக்குற புள்ளைக்கு."

ஏன் சொல்றேன்? உங்க நம்பிக்கைய யாரும் பறிக்க வரல. கயிறு, மோதிரம், வளையல், வாட்ச்... அதுக்கு அடியில சோப்பு போகாது, கிருமிங்க குடியிருக்கும். வார்டுக்குள்ள நுழைஞ்சா, முழங்கைக்குக் கீழ உங்க கை உங்களுது இல்ல. படுத்திருக்கிறவங்களோடது.

எங்க... எல்லாரும் கையத் தூக்குங்க, பாப்போம்.