ஆட்சேபணை இல்லை

இல்லீங்கய்யா, பத்துச் சட்டை கேட்டீங்க, ஒம்போதுதான் தச்சிருக்கேன். துணி பத்தாம இல்ல. பத்தாவதுக்குக் கத்திரிய எடுத்தா கையே ஓடல. உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், வெள்ள அங்கியில நூலு ஒட்டிக்கும். கையில என்ன, ஜெயில் காயிதமா? அதானே, வெறும் சட்டைக்கா போதகர் வீடு தேடி வருவாரு.

நீங்க இந்தச் சபைக்கு வந்து மூணு மாசந்தானே, உங்ககிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. வருசாவருசம் சுதந்திர தினத்துக்கு, நன்னடத்தைன்னு கொஞ்சம் பேர வெளிய விடுவாங்க. அவங்களுக்கு நம்ம சபை புதுச்சட்ட குடுக்கும், தைக்கிறது நான். அந்தப் பட்டியல்ல என் புள்ளையக் கொன்னவனும் இருக்கான். செத்தவன் வீட்டுல ஆட்சேபணை உண்டான்னு கேப்பாங்க. ஆறு தடவ கேட்டாங்க, ஆறு தடவையும் உண்டுன்னு கையெழுத்துப் போட்டேன்.

கோவிச்சுக்காதீங்க. போன ஞாயித்துக்கெழம பிரசங்கத்துல, நாட்டுக்குக் கெடைச்ச சுதந்திரம் வேற, ஆத்துமாவுக்குக் கெடைக்கிற விடுதல வேறன்னீங்க. மன்னிச்சாத்தான் அந்த விடுதலன்னீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மேல நின்னு பேசுறவருக்கு என்ன, பெத்தவளுக்கில்ல தெரியும்!

அன்னைக்கும் சுதந்திர தினந்தான். தெருமுனையில கொடியேத்தி முட்டாய் குடுத்தாங்க. என் சின்னவன் எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்து வாயில போட்டான். அப்புறம் ஒரு வாய்த்தகராறு. ஒண்ணுமில்லாத விசயம், வண்டிய யாரு எடுத்துட்டுப் போறதுன்னு. ஒரே தள்ளு. நீங்க பாக்குறீங்களே, அதே மாடிப்படிதான். பத்தொம்போது வயசுய்யா. நான் ஓடி வர்றப்ப அந்த முட்டாய்கூட என் வாயில கரையல.

தள்ளுனவனா? சேச்சே, குடிகாரன்லாம் இல்ல. நல்லவந்தான், கொஞ்சம் முன்கோபம். ரவுடிப்பயலா இருந்தா திட்டித் தீத்துட்டு மனசாறியிருப்பேன். லெட்டர் போடுறான், ஒண்ணையும் பிரிக்கல. ஒருதரம்கூடப் போய்ப் பாக்கல.

பரமண்டல ஜெபத்துல அந்த மன்னிக்கிற எடம் வந்தா வாய இறுக்கி மூடிக்குவேன். ஏழு வருசமா அப்படித்தான். பக்கத்துல நிக்கிறவங்களுக்குத் தெரியாது, ஆண்டவருக்குத் தெரியுமில்ல. அந்தப் படியிலயும் ஏறுறதில்ல. துணியெல்லாம் வீட்டுக்குள்ளதான் காயுது. அவனுக்காவது இத்தன வருசம்னு ஜட்ஜு எழுதிக் குடுத்தாரு. எனக்கு யாரு கணக்கு சொல்றது? ஊரெல்லாம் கொடி பறக்குது, நான் இந்த மிசினுக்கும் செவுத்துக்கும் நடுவுல கெடக்கேன். சலிச்சுப் போச்சுய்யா. அவன வெறுத்து வெறுத்து ஓஞ்சே போயிட்டேன்.

எழுதுங்க. ஆட்சேபணை இல்லன்னு எழுதுங்க. ஆமா, அழறேன்தான், அழுதா என்ன? கண்ணு மங்கல், நீங்களே நெரப்பிருங்க, கையெழுத்த நான் போடுறேன்.

என்ன கேட்டிருக்கு? செத்தவருக்கு என்ன உறவா? அம்மான்னு போடுங்க. அதுக்குக் கீழ? கைதிக்கு என்ன உறவா?

அங்கயும் அம்மான்னுதான் போடணும். ஏன்யா நிறுத்திட்டீங்க? அவன் என் மூத்தவன். போடுங்க.