ஆண்டையா, அண்ணனா?

அவையை அடக்கியாளும் ஆற்றலும், அடங்காவிட்டால் மணியடிக்கும் ஆணையும் பெற்ற தலைவர், புலவர் அரங்கநாதன் அவர்களே! திண்டிவனத்தின் தெருவெல்லாம் திரண்டு வந்த சான்றோர்களே! மின்விசிறிக்குக் கீழே இடம்பிடிக்கும் கலையில் எங்களையெல்லாம் வென்றுவிட்ட தாய்மார்களே! மேல்மலையனூர்ப் பேருந்துக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று உள்ளே வந்து உட்கார்ந்த உண்மை ரசிகர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, 'ஆண்டை: சொல்லும் பொருளும்.' ஆண்டை யார்? நிலம் வைத்திருப்பவர், அந்த நிலத்தில் கூலிக்குப் பாடுபடுகிறவர்கள் குனிந்து நின்று அழைக்கும் பெயருக்கு உரியவர். 'ஆள்' என்ற வேரில் முளைத்த சொல் என்பார்கள். வேடிக்கையைப் பாருங்கள். ஆள் என்றால் ஆட்சி செய். ஆள் என்றால் கூலிக்கு வந்தவர். ஒரே சொல்லைப் பங்கு போட்டதிலும் நம்மவர்கள் ஒருவருக்கு நஞ்சையும் ஒருவருக்கு வரப்பும் கொடுத்துவிட்டார்கள்.

என்ன, பின்வரிசை ஐயா? இந்தக் காலத்தில் யார் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்றா கேட்கிறீர்கள்? போன தை மாதம் வரைக்கும் கூப்பிட்டார்கள். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

வல்லம் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே என் நண்பர் சீனுவாசன். ஆறு ஏக்கர் மல்லாட்டைக் கடலை, அறுபது ஏக்கர் மிடுக்கு. அவர் நிலத்தில் முப்பது ஆண்டுகளாகக் களையெடுப்பவர் குப்பம்மாள். அந்த அம்மா வெளிக்கதவருகே நின்று "ஆண்டே" என்று அழைக்கும்போதெல்லாம் சீனுவாசன் கழுத்து ஓர் அங்குலம் நீளும். பக்கத்தில் ஓசிக் காபி குடித்துக்கொண்டிருக்கும் என் கழுத்தும் அரை அங்குலம் நீளும். பொய் சொல்வானேன், பெரிய மனிதரின் நிழலில் நின்றால் நமக்கும் கொஞ்சம் குளிர்ச்சிதானே?

குப்பம்மாள் மகள் ஜெசிந்தா விழுப்புரத்தில் செவிலியர். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் கூடியது. மகள் அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். மாப்பிள்ளை வீட்டார் எதிரில் யாரையாவது ஆண்டே என்று கூப்பிட்டுக் குனிந்து நின்றால், மாலையைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன் என்றாள். வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்கினாளே தவிர, பதிலுக்கு ஒரு சொல் தரவில்லை. ஊருக்கெல்லாம் பத்திரிகை வைத்துவிட்டு சீனுவாசனுக்கு மட்டும் வைக்காமல் இருக்க முடியுமா? வைக்கப் போனால் எப்படிக் கூப்பிடுவது?

தாம்பாளத்தோடு வந்து நின்றார் குப்பம்மாள். நாங்கள் காபியில் இருந்தோம். வாயைத் திறந்தார், மூடினார். தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கினார். பிறகு சொன்னார்:

"அண்ணே."

நெடில் குறில் ஆனது. வல்லினம் மெல்லினம் ஆனது. நண்பர் கையிலிருந்த காபி வேட்டியில் ஆனது.

"என்னா சொன்ன குப்பு?"

"அண்ணேன்னு சொன்னேங்க. பொண்ணு கல்யாணம். பத்திரிகை வெக்க வந்துகிறேன்."

"இத்தினி நாளு ஆண்டேன்னுதான கூப்புட்டுக்கினு இருந்த?"

"ஆண்டைன்னா நான்தான் ஒழைச்சிக் குடுத்துக்கினே இருக்கணும். அண்ணன்னா பொண்ணுக்குத் தாய்மாமன். நீங்கதான் சீர் எடுத்தாரணும். மேளம் சொல்லிட்டேங்க."

ஐயோ, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தாய்மாமன் சீர் என்றால் சும்மாவா? பட்டுப்புடவை, பழத்தட்டு, மாலை. மேளம் முன்னே போக, வரிசைத்தட்டைச் சுமந்து தெருவழியே நடை. பின்னால் ஊரே சிரித்துக்கொண்டு வரும். அத்தனையும் ஒரு நொடியில் அவர் கண்ணுக்குள் ஊர்வலம் போனது.

"அண்ணன் கிண்ணன்லாம் எதுக்கு, பேஜாரு. பேர் சொல்லியே கூப்புட்டுடு."

"சரிங்க" என்று தட்டை நீட்டிவிட்டுப் போனார் அந்த அம்மா. நண்பருக்கோ பட்டுப்புடவை தப்பிய பெருமை தாங்கவில்லை. எதைக் கொடுத்துத் தப்பினார் என்பது அப்போது அவருக்கும் தெரியவில்லை, ஆமாம் போட்ட எனக்கும் தெரியவில்லை.

கல்யாண நாள். விழுப்புரம் மண்டப வாசலில் வரவேற்க நிற்கிறார் குப்பம்மாள். சுற்றிலும் சம்பந்தி வீட்டார். சீனுவாசன் நுழைகிறார்; வால்போல நான். உள்ளே மேடையில் ஜெசிந்தாவின் கை மாலையிலேயே நின்றுவிட்டது. அம்மா வாயையே பார்க்கிறாள். குப்பம்மாள் குனியவில்லை.

"வாங்க சீனுவாசன். மொத பந்தியில எடம் இருக்குது, ஒக்காந்து சாப்புடுங்க."

உட்கார்ந்தார். இடப்பக்கம் அவர் நிலத்தில் ஏரோட்டும் பச்சைமுத்து. வலப்பக்கம் கடலை பறிக்கும் முனியம்மாள். முனியம்மாள்தான் சாம்பாரை இவர் பக்கம் தள்ளி வைத்தார். மேடையில் மாலை மாப்பிள்ளை கழுத்தில் சரியாக விழுந்தது.

அன்பர்களே! சட்டம் சொல்லிக் கேட்டதா அந்தக் கழுத்து? மேடை முழங்கிக் கேட்டதா? என் போன்றோர் மாலைபோட்டுக்கொண்டு மணிக்கணக்கில் பேசிக் கேட்டதா? ஒரு பட்டுப்புடவைக்கு அஞ்சி இறங்கியது. சமத்துவம் இவரிடம் அன்பாய் வரவில்லை, அறிவாய் வரவில்லை, கஞ்சத்தனமாய் வந்தது. வந்த வழியில் வரட்டும், வந்ததை விடாதீர்கள்.

அகராதி எழுதுவோர் யாரேனும் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டை, பெயர்ச்சொல்: உறவு சொல்லி அழைத்தால் ஓடிப்போகிறவர்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், பொருள் புரிந்து சிரித்த தாய்மார்க்கும், மணியடிக்காத தலைவர்க்கும் நன்றி. வணக்கம்.