பட்டை போட்ட பழம்

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் பேருந்து. மழையா வெயிலா என்று முடிவெடுக்காத வானம். முன் இருக்கையில் இரண்டு நண்பர்கள். ஒருவர் மடியில், பெயிண்டைப் பீச்சியடிக்கக் காற்று தரும் சின்னக் கம்ப்ரசரைக் குழந்தையைப் போல அணைத்திருந்தார்.

“வாழைப்பழத்துக்குப் பட்டை போட்டதுக்கா மச்சான் வீட்டை விட்டுத் தொரத்துனாங்க?”

“என்னை இல்லலா, இதை. மாடல் பிளேனுக்கு மெல்லிசா மூணு வெள்ளைக் கோடு அடிக்கணும். காத்து கூடினா பெயிண்டு சிலந்திக் கால் மாதிரி ஓடுது. வளைஞ்ச எடத்துல பழகலாம்னு ஒரு சீப்புப் பழத்துல அடிச்சேன். பொண்டாட்டி கவனிக்காம அர்ச்சனைத் தட்டுல வச்சுக் கோயிலுக்குக் கொண்டு போயிட்டா.”

“அலாமா! ஐயர் என்ன சொன்னாரு?”

“பழமே பட்டை போட்டு வந்திருக்குன்னு கும்பிட்டுட்டாரு. அதைப் பாக்க சனம் கியூல நிக்குது. அவளுக்கு மட்டும் என் வேலைன்னு தெரியும். வீட்டுக்கு வந்து, இது இருக்கணுமா நான் இருக்கணுமான்னுட்டா. உன் வீட்டுல வச்சுக்கோலா.”

கம்ப்ரசர்காரரின் கைப்பேசி அடித்தது. எழுந்து நின்றே பேசினார்.

“சரிம்மா. சரி.”

“என்னவாம்?”

“திருப்பிக் கொண்டாரச் சொல்றா. வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு சீப்பு வேணுமாம்.”

இறங்கும் மணியை அழுத்திவிட்டு, முகம் சுருங்கச் சொன்னார்:

“நடுக்கோடு தடிப்பா இருக்காம். ஐயர் சொல்லி அனுப்புனாராம்.”