கோர்த்த கை

அபுதாபியின் ருவைஸில் ஓர் ஆலையில் இருபத்தாறு ஆண்டுகளாகத் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருப்பவன் நான். பிறர் பேச்சுக்குக் காது கொடுக்கும் வழக்கம் எனக்கில்லை. கார் பழுதானதால் அன்று தொழிலாளர் பேருந்தில் ஏறினேன். முன்னிருக்கையில் இருவர் கைப்பேசியில் கல்லூரிக் கபடி பார்த்துக்கொண்டிருந்தனர். மூத்தவர் மாவட்ட அணிக்கு ஆடியவராம்.

"உன் தம்பி ஒருத்தனையும் பிடிக்கலையே மாரி."

"தெரியும்ணே. ப்ரோ டீம் செலக்‌ஷனுக்குப் போறான். தேறுவானா?"

"அவன் கையைப் பாரு. கார்னர்ல நிக்கிற பொடியன் கையை விடவே மாட்டேங்கிறான். ரெய்டர் கிட்ட வந்தா அவனைப் பின்னால இழுத்துட்டு, தான் முன்னால நிக்கிறான். கடைசியில பொடியன் பிடிக்கிறான், பேரும் அவனுக்கு."

"வீட்டுலயும் அப்படித்தாண்ணே. அப்பா என்னை அடிக்க வந்தா நடுவுல வந்து நிப்பான்."

"பாயிண்ட் மட்டும் எண்ணுறவன் இவனை விட்டுருவான். ஆட்டம் தெரிஞ்சவன் விடமாட்டான்."

மாரி ஊரிலிருக்கும் தம்பியைக் கைப்பேசியில் அழைத்து, அதை அவரிடம் நீட்டினான். "நீங்களே சொல்லுங்கண்ணே. நான் சொன்னா பாசத்துல சொல்றேன்பான்."

அவர் சொன்னார். பிறகு சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, அழாதப்பா. முட்டிக்கு நல்லெண்ணெய் போடு."

மாரியின் தம்பியை அணியில் எடுத்துவிட்டார்கள் என்று மறுநாள் ஆலை முழுவதும் பேச்சு. அது உண்மையன்று. தேர்வு இன்னும் நடைபெறவில்லை. எடுத்தே ஆகவேண்டிய பையன் என்றுதான் நான் இரண்டொருவரிடம் சொன்னேன்.