கொல்லையில் கட்டிய கிடை

விருத்தாசலத்திலிருந்து மங்கலம்பேட்டை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தங்கச்சியும். தங்கச்சிக்குப் பீங்கான் கம்பெனியில் வேலை போல. முழங்கையில் வெள்ளை மண் காய்ந்திருந்தது.

"நெல்லு அளந்து குடுத்து முள்ளு வெதச்ச ஆளு உங்க மாமாதான்," என்றாள் அக்கா.

"வேலிகாத்தான் முள்ளையா? அதத்தான் போன வருசமே வேரோட தோண்டி, சூளைக்காரங்களுக்கு வெறகா குடுத்தாச்சே."

"தோண்டுன எடத்துல புங்கன், வேம்பு, இலுப்பைன்னு வெச்சாரு. கன்னுக்கு எருவாகட்டும்னு, கிடைக்காரருக்கு நெல்லு அளந்து ஆட்டுக்கிடை கட்டுனாரு. ஆடுங்க அதுக்கு முன்னாடி எத மேஞ்சிதுங்க தெரியுமா? ஏரிக்கரையில வேலிகாத்தான் காய."

"அய்யய்யோ. புழுக்கையெல்லாம் கொட்டை."

"மழ பேஞ்சதும் கொல்லை பூரா நாத்தங்கால் மாதிரி மொளச்சிருக்குது. ஈரம் காயறதுக்குள்ள புடுங்கணும். இல்லன்னா திரும்பவும் முள்ளுக்காடுதான்."

ரெண்டு பேரும் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டரும் சேர்ந்து சிரித்தார். தங்கச்சிதான் முதலில் நிறுத்தினாள்.

"யக்கா, கறி விருந்துன்னுதானே என்ன லீவு போடச் சொன்ன?"

"விருந்துதான்டி. கிடைக்காரரு மனசு கேக்காம ஒரு கெடா குடுத்துட்டாரு. மொதல்ல கொல்லை, அப்பறந்தான் கொழம்பு."